முட்டைக்கோஸ் வைத்தியம்

ரோமாபுரியில் கேட்டோ என்று ஒரு கிழவர் இருந்தார். கார்த்தேஜ் நகரத்தை அழித்தாக வேண்டும் என்று சபையில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய விவசாய நூலில், காய்கறிகளுக்குள் முதல் ஸ்தானத்தை முட்டைக்கோஸுக்கே கொடுத்திருக்கிறார். அஜீரணத்திலிருந்து ஆறாத புண் வரையில் எத்தனையோ உபாதைகளுக்கு அவர் சொன்ன மருந்து அது. கார்த்தேஜ் விஷயத்தில் கிழவர் சொன்னபடியே நடந்துவிட்டது. முட்டைக்கோஸ் விஷயம் மட்டும் இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பிறகும் தீர்ப்பாகாமல் கிடந்தது.

1949-ஆம் ஆண்டில் அந்த வழக்கை மறுபடியும் எடுத்தவர் அமெரிக்காவின் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து டாக்டர் கார்னெட் செனி. அந்தக் காலத்தில் வயிற்றுப் புண் வந்தவர்களின் கதி பரிதாபமானது. மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும், நடுநடுவே புளிப்பை முறிக்கும் பொடி; காரமும் சுவையும் மறந்துபோக வேண்டியதுதான். அமிலமும் மனக்கவலையுமே நோய்க்குக் காரணம் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். செனி தம்முடைய நோயாளிகள் 13 பேருக்குப் பச்சை முட்டைக்கோஸைப் பிழிந்து, தினம் சுமார் ஒரு லிட்டர் சாறு கொடுத்தார். கொதிக்க வைத்தால் குணம் போய்விடும் என்பது அவர் கருத்து.

பலன் ஆச்சரியமாக இருந்தது. சிறுகுடலின் ஆரம்பத்தில் புண் கண்ட 7 பேருக்குச் சராசரியாக 10.4 நாளில் புண் ஆறியது. வழக்கமான சிகிச்சையில் 37 நாள் ஆகும் என்று மற்ற வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். இரைப்பையிலேயே புண் இருந்த 6 பேருக்கு 7.3 நாள், வழக்கமான கணக்கு 42 நாள். இப்படிப் புண்ணை ஆற்றும் பொருளுக்கு 'வைட்டமின் யூ' என்று செனி பெயர் சூட்டினார். உண்மையில் அது வைட்டமின் அல்ல. எஸ்-மெத்தில்மெத்தியோனைன் என்ற ரசாயனம் என்று பின்னால் கண்டார்கள். 1960-இல் ஜப்பானில் அதைச் சேர்த்து 'கேபஜின்' என்று வயிற்று மாத்திரையே வந்துவிட்டது.

அப்படியானால் உலகம் முழுவதும் ஏன் முட்டைக்கோஸ் பிழிய ஆரம்பிக்கவில்லை? 13 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். மேலும், செனி தம் நோயாளிகளை ஒப்பிட்டது பிறருடைய நோயாளிகளோடு. வயிற்றுப் புண்ணோ தானாக ஆறும், தானாகவே திரும்பி வரும் குணமுள்ளது. ஆறியது சாற்றினாலா, நாளானதனாலா என்று எப்படி நிச்சயிப்பது? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஆறிய புண் ஏன் திரும்பி வருகிறது?

அதற்கு விடை ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது. 1979-இல் ராபின் வாரன் என்ற டாக்டர், நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்கில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் கிருமியாவது, உயிரோடு இருப்பதாவது என்று அநேகர் சிரித்தார்கள். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் மட்டும் சிரிக்காமல் அவரோடு சேர்ந்துகொண்டார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையினால், வழக்கமாக இரண்டு நாளில் எறியப்படும் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்துவிட, அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது! 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்தார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் விடுவாரா? சில நாளில் வாந்தி கண்டது. சோதித்துப் பார்த்ததில் இரைப்பை வெந்து சிவந்திருந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரைகளால் வரும் புண்கள் போக, பெரும்பாலானவற்றுக்கு மூலம் அந்த ஹெலிகோபாக்டர் பைலோரிதான்.

செனி வைத்தியம் செய்தது கண்ணுக்குத் தெரியாத எதிரியை வைத்துக்கொண்டு. பிறகு முட்டைக்கோஸின் குடும்பத்தையே மறுபடி விசாரித்தார்கள். அதன் பங்காளியான ப்ராக்கோலியில் ஸல்ஃபோராஃபேன் என்ற சத்து உண்டாகிறது. அது பரிசோதனைக் குழாயில் இந்தக் கிருமியைக் கொல்வதாக 2002-இல் தெரிந்தது. 2009-இல் ஜப்பானில் கிருமியுள்ள 48 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினம் 70 கிராம் ப்ராக்கோலி முளையை 8 வாரம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வேறொரு முளை. ப்ராக்கோலி தின்றவர்களிடம் கிருமியின் ஆதிக்கம் குறைந்தது. ஆனால் நிறுத்திய இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. அடங்கியது, அழியவில்லை.

இந்த வித்தியாசம் சிறிதல்ல. வயிற்றுப் புற்றுநோய்க்குக் காரணமானவற்றில் ஒன்றாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இந்தக் கிருமியை 1994-இல் சேர்த்தது. எரிச்சல் தணிந்துவிட்டதே என்று சாற்றை மட்டும் நம்பியிருப்பவருடைய வயிற்றில் கிருமி வருஷக்கணக்காக ஓசையில்லாமல் குடியிருக்கலாம். அதைக் கிளப்புவதற்குப் பரிசோதனையும், டாக்டர் சொன்னபடி ஒரு வேளை தவறாமல் பத்துப் பதினான்கு நாள் உட்கொள்ளும் மருந்துகளும் வேண்டும். முட்டைக்கோஸை அதற்குப் பிறகும் தாராளமாகச் சாப்பிடலாம். கேட்டோ கிழவரும் ஆட்சேபிக்க மாட்டார்.