வஜீர் பெண்களும் கென்யாவின் அமைதிக் குழுக்களும்

கென்யாவின் வடகிழக்கில், சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் ஒட்டிக் கிடக்கும் வறண்ட நிலம் வஜீர். பரப்பு ஏறத்தாழ 56,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மக்களில் பெரும்பாலோர் சோமாலி மொழி பேசும் முஸ்லிம்கள். ஒட்டகம், மாடு, ஆடு வளர்ப்பதே அவர்களுடைய பிழைப்பு. மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீரும் புல்லும் தேடி மந்தைகளோடு வெகுதொலைவு போவார்கள். ஒரு குலத்தின் கிணற்றுக்கு இன்னொரு குலத்தின் மந்தை வந்து நிற்கும்போது சண்டை மூள்வதும், பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பதும் அங்கே பழைய கதை. இன்று கென்யா முழுவதும் அரசின் அங்கீகாரத்தோடு இயங்கும் அமைதிக் குழுக்கள் இந்த ஊரில்தான் உருப்பெற்றன. அவற்றுக்கு வித்திட்டவர்கள் 1990களில் அங்கே வாழ்ந்த சில பெண்கள்.

அரசிடம் அமைதியை எதிர்பார்க்க வஜீர் மக்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அது ‘வட எல்லை மாவட்டம்’ என்ற பெயரில் தனியாகப் பூட்டிவைக்கப்பட்ட பகுதி. வெளியாள் உள்ளே போகவும் உள்ளூர்க்காரர் வெளியே வரவும் அனுமதி வேண்டும். 1963-இல் கென்யா விடுதலை பெற்றபோது, சோமாலியாவோடு சேர விரும்பிய வடகிழக்கு மக்கள் ஆயுதம் ஏந்தினர். ஷிஃப்தா போர் எனப்படும் அந்தச் சண்டை 1967-இல் ஓய்ந்தது. அதற்காகக் கொண்டுவந்த அவசரநிலைச் சட்டம் மட்டும் 1991 வரை நீடித்தது. அந்தக் காலத்தின் மிகக் கொடிய நிகழ்வு 1984 பிப்ரவரியில் நடந்தது. ஆயுதங்களைப் பறிமுதல் செய்கிறோம் என்று தெகோடியா குலத்து ஆண்களைப் பாதுகாப்புப் படையினர் வகல்லா விமான ஓடுதளத்தில் அடைத்தனர். சோறும் தண்ணீரும் இல்லாமல் வெயிலில் நாட்கணக்கில் கிடந்தவர்களில் பலர் மாண்டனர், பலர் சுடப்பட்டனர். இறந்தவர்கள் 57 பேர் என்றே அரசு நெடுங்காலம் சொல்லிவந்தது. 2013-இல் அறிக்கை அளித்த உண்மை ஆணையம் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்றது. இப்படிப்பட்ட அரசோடு பிற்காலத்தில் ஒரே மேசையில் உட்கார அந்தப் பெண்கள் முன்வந்ததன் அருமை, இந்தப் பின்னணி தெரிந்தால்தான் விளங்கும்.

1991-இல் சோமாலிய அரசு கவிழ்ந்தது. அகதிகளோடு துப்பாக்கிகளும் எல்லை கடந்து வந்து மலிவு விலையில் கைமாறின. அதே சமயம் பெரும் வறட்சி. மந்தைகள் அழிந்து குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. 1992 டிசம்பர் தேர்தலில் நாடாளுமன்ற இடங்களுக்கான போட்டி குலப் போட்டியாகவே நடந்தது. தோற்ற குலம் தன் நிலமே கைவிட்டுப் போனதாகக் கருதியது. அஜுரான், தெகோடியா, ஒகதேன் குலங்களுக்கிடையே மூண்ட சண்டை நான்கு ஆண்டுகள் வரை இழுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்பு தடியும் ஈட்டியும் ஏந்திய பூசலில் இப்போது தானியங்கித் துப்பாக்கி புகுந்துவிட்டதால், பெரியவர்கள் கூடிப் பேசுவதற்குள் பழிவாங்கல் இரண்டு சுற்று முடிந்திருக்கும்.

வஜீரில் 1964-இல் பிறந்த தேகா இப்ராஹிம் அப்தி அப்போது கைக்குழந்தைக்காரி. ஓர் இரவு வீட்டைச் சுற்றிக் குண்டுகள் பறந்தபோது குழந்தையோடு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டார். விடிந்ததும் தாயிடம் சொன்னார். தேகா குழந்தையாக இருந்தபோது, 1960களின் போரில், தானும் அவரை அப்படியே அணைத்துக்கொண்டு ஒளிந்ததைத் தாய் நினைவுகூர்ந்தார். தன் மகளும் ஒருநாள் இதே கதையைச் சொல்லும்படி விடக்கூடாது என்ற உறுதி அன்று பிறந்ததாகத் தேகா பின்னாளில் பல மேடைகளில் கூறினார். 1993-இல் ஒரு திருமண வீட்டில் கூடிய பெண்களிடையே இந்தப் பேச்சு எழுந்தது. வெவ்வேறு குலத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச ஊரில் எஞ்சியிருந்தவை அப்படிப்பட்ட இடங்களே.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது சந்தையை. அங்கே ஒரு குலத்துப் பெண் கொண்டுவரும் சரக்கை மற்ற குலத்தார் வாங்குவதில்லை; எதிர்க்குலத்தவளுக்கு விற்பதுமில்லை; வாய்ச்சண்டை கைகலப்பாகி ஆண்களின் துப்பாக்கிக்குப் போய்ச் சேரும். யாரும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று பெண்கள் தமக்குள் ஒரு விதி செய்துகொண்டார்கள். விதி காக்கப்படுகிறதா என்று பார்க்க எல்லாக் குலத்தையும் சேர்ந்த பெண்களைச் சந்தையிலேயே கண்காணிப்பாளர்களாக அமர்த்தினார்கள். தகராறு கிளம்பினால் அங்கேயே அமர்த்துவது, முடியாவிட்டால் தங்கள் குழுவிடம் கொண்டுவருவது அவர்கள் வேலை. சோமாலிக் குடும்பங்களில் பெண் பெரும்பாலும் பிறந்தது ஒரு குலம், வாழ்க்கைப்பட்டது வேறு குலம். இரண்டு வீட்டிலும் உரிமையோடு பேசக்கூடிய அந்த நிலை இந்த வேலைக்குப் பெரும் பலமாக இருந்தது.

சந்தை அடங்கினாலும் மேய்ச்சல் காட்டில் நடக்கும் கொலையைப் பெண்கள் மட்டும் நிறுத்த முடியாது. போரையும் சமாதானத்தையும் முடிவு செய்வது குலப் பெரியவர்களின் சபை. அதில் பெண்களுக்கு இடமில்லை. எனவே படித்து உத்தியோகத்தில் இருந்த இளைஞர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பெரியவர்களை அழைத்தார்கள். அந்தப் பேச்சை எடுத்துச் செல்ல மிகச் சிறிய குலம் ஒன்றின் பெரியவரைத் தேர்ந்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம். அவருக்கு ஆள்பலம் கிடையாது. ஆதலால் யாருடைய நிலத்துக்கும் அவர் கண்வைப்பார் என்று எவரும் சந்தேகிக்க முடியாது. பெரிய குலங்கள் மோதும்போது முதலில் நசுங்குவது தம்மைப் போன்றவர்களே என்று சொல்லும் தகுதியும் அவருக்கு இருந்தது. பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு, 1993 செப்டம்பரில் பெரியவர்கள் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதை அல் ஃபத்தா பிரகடனம் என்பர். சண்டைக்குப் பிறகு பழைய உறவுக்குத் திரும்புவதற்கான நெறிகளை அது வகுத்தது.

உடன்படிக்கையைக் காப்பதே பெரும்பாடு என்பதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள். எங்காவது கால்நடை களவு போனாலோ ஒருவர் கொல்லப்பட்டாலோ உடனே அந்த இடத்துக்குப் போக ஒரு விரைவுக் குழு அமைந்தது. பெரியவர்கள், பெண்கள், மார்க்கத் தலைவர்கள், அரசுப் பாதுகாப்பு அதிகாரிகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பழிவாங்கப் புறப்படுவதற்குமுன் இழந்த வீட்டாரைச் சந்திப்பதும், பறிபோன மந்தையைத் திருப்பித் தரச் செய்வதும், மரபுப்படியான ஈட்டுத்தொகையைப் பேசி முடிப்பதும் அதன் கடமை. இளைஞர்களுக்குத் தனி அமைப்பு உருவாயிற்று. ஆண்டுதோறும் அமைதி விழா எடுத்து, தம் பகுதியைச் சண்டையின்றிக் காத்த, அரசு நியமித்த கிராமத் தலைவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். அதற்குமுன் அந்த வட்டாரத்தில் அரசு ஊழியரை மக்கள் பாராட்டி மேடையேற்றியது அபூர்வம்.

இவ்வளவும் தன்னார்வத்தில் நடந்தது. ஆனால் அதிகாரிகள் மாறுவார்கள்; புதிதாக வருபவர் ஊர்வலத்துக்கும் கலவரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் படையை அனுப்பிவிட்டால் எல்லாம் பாழ். வறட்சி நிவாரணமும் கிணறு தோண்டும் திட்டமும் எந்தக் குலத்துக்குப் போகிறது என்பதிலேயே அடுத்த சண்டை கருக்கொள்ளும். ஆகவே தங்கள் பணி மாவட்ட நிர்வாகத்துக்குள்ளேயே இடம்பெற வேண்டும் என்று கேட்டார்கள். 1995-இல் பெண்கள், இளைஞர், பெரியவர்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வஜீர் அமைதி வளர்ச்சிக் குழுவாகி, மாவட்ட வளர்ச்சிக் குழுவின் ஓர் அங்கமாயின. நம் மாவட்ட ஆட்சியருக்கு நிகரான மாவட்ட ஆணையர் அதற்குத் தலைவர். வகல்லாவுக்குப் பதினொரு ஆண்டுகளுக்குப்பின், அதே அரசின் அலுவலகத்தில் அமைதி ஒரு நிர்வாக வேலையாக எழுதப்பட்டது. அமைதியைக் காவல்துறையிடம் விட்டுவிடாமல் வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாக்கியதே இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த அம்சம்.

கரிசா, மந்தேரா முதலிய அண்டை மாவட்டங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. பிறகு வடக்கின் மேய்ச்சல் பகுதிகளுக்குப் பரவியது. 2001-இல் வடகிழக்குக் குலங்கள் மொதோகாஷே பிரகடனத்தை ஏற்றன. பிற குலத்தின் மேய்ச்சல் நிலத்துக்குள் எப்படி நுழைவது, கால்நடைக் களவுக்கும் கொலைக்கும் என்ன ஈடு என்பதையெல்லாம் அது வரையறுத்தது. அதே 2001-இல் கென்ய அரசு, அதிபர் அலுவலகத்தின்கீழ், அமைதிப் பணிக்கென ஒரு தேசிய வழிகாட்டுக் குழுவை நிறுவியது. அரசு அதிகாரிகளும் குடிமக்கள் அமைப்புகளும் சமமாக உட்காரும் அமைப்பாக அது வகுக்கப்பட்டது.

2007 டிசம்பர் தேர்தலுக்குப்பின் கென்யா எரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அமைதிக் குழுக்கள் இருந்த மாவட்டங்களில் வன்முறை குறைவு என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. வடக்கின் அரசியல் வேறு என்பதால் அந்த அமைதிக்குக் குழுக்கள் மட்டுமே காரணம் எனச் சொல்லிவிட முடியாது. என்றாலும் வாதம் எடுபட்டது. கோஃபி அன்னான் முன்னின்று நடத்திய 2008 சமரசத்தைத் தொடர்ந்து, நாடெங்கும் மாவட்ட அமைதிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அமைதிப் பணிக்கான தேசியக் கொள்கைக்கு நாடாளுமன்றம் 2015-இல்தான் ஒப்புதல் தந்தது. தேகா அதைக் காணவில்லை. 2007-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்ற அவர், 2011 ஜூலையில் சாலை விபத்தில் காலமானார்.

அரசுக்குள் போனதற்கு ஒரு விலையும் இருந்தது. படித்தொகை கிடைக்கும் பதவி என்றானதும் பல இடங்களில் குழு உறுப்பினர் நியமனம் அரசியல்வாதிகள் கைக்குப் போயிற்று. பெரியவர்கள் ஈடு வாங்கித் தீர்த்த கொலையை நீதிமன்றம் எப்படி நடத்துவது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. மரபுப்படி ஆணுயிருக்கு 100 ஒட்டகம், பெண்ணுயிருக்கு 50. மொதோகாஷே ஏற்பாட்டிலும் இந்தப் பாதிக்கணக்கு அப்படியே நுழைந்துவிட்டது. பெண்கள் தொடங்கிய முயற்சி, பெண்ணின் உயிரைப் பாதியாக மதிக்கும் வழக்கத்தைச் சுமந்து நின்றது வருந்தத்தக்கது. குழுக்களால் தடுக்க முடியாத சண்டைகளும் வந்தன. 2014-இல் தெகோடியா, கர்ரே குலங்கள் வஜீர்–மந்தேரா எல்லையில் மோதியபோது பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினர். துப்பாக்கி வரத்து, எல்லைத் தகராறு, புதிய மாவட்ட நிர்வாகங்களின் நிதிக்கான போட்டி ஆகியவை உள்ளூர்க் குழுவின் கைக்கு அடங்காதவை. அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு நைரோபியில் இருக்கும் அரசுக்குத்தான் உண்டு.