சொடுக்கு மோசடியும் செயற்கட்டண மோசடியும்

இணைய விளம்பரத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் பணம் செலுத்தும் முறை சொடுக்குக் கட்டணம் எனவும், விற்பனை, பதிவு, செயலி நிறுவல் போன்ற ஒரு செயல் நிறைவேறிய பின்னரே பணம் தரும் முறை செயற்கட்டணம் எனவும் வழங்கப்படுகின்றன. முன்னதை 1998இல் கோடூ.காம் நிறுவனம் தேடல் விளம்பர ஏலத்தில் புகுத்தியது. 2003இல் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை வெளித்தளங்களுக்கும் வருவாயில் பங்கு தரத் தொடங்கியதும், பொய்ச் சொடுக்குகளால் ஆதாயம் அடையக்கூடியவர்கள் பெருகினர். போட்டியாளரின் விளம்பரப் பணத்தைக் கரைப்பதற்காகச் சொடுக்குவோரும் உண்டு.

தானியங்கி நிரல்களை ஓரளவு வடிகட்டிவிடலாம் என்றாலும், உண்மையான மனிதரின் சொடுக்கே களவாடப்படும்போது கண்டறிதல் கடினமாகிறது. 2011இல் எஃப்.பி.ஐ. அம்பலப்படுத்திய எஸ்டோனியக் கும்பல், ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் இணைய முகவரிகளைக் கண்டறியும் அமைப்பை மாற்றி, பயனர்களின் சொடுக்குகளைத் தனக்கு வருவாய் தரும் தளங்களுக்குத் திருப்பி, குறைந்தது 1.4 கோடி டாலர் ஈட்டியது. அதற்கு முன்பே, 2006இல், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பொய்ச் சொடுக்குகள் தொடர்பாக விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கை 9 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டில் கூகுள் முடித்துக்கொண்டது. அவ்வழக்குக்காக அறிக்கை அளித்த பேராசிரியர் அலெக்சாண்டர் துஷிலின், கூகுளின் தடுப்பு முயற்சிகள் நியாயமானவை என ஏற்றபோதும், சொடுக்கியவரின் உள்நோக்கத்தைப் பதிவுகளைக் கொண்டு எப்போதும் உறுதிசெய்ய இயலாது என்பதையும் சுட்டினார். சொடுக்குக் கட்டணத்தின் தீராத பலவீனம் இதுவே.

செயற்கட்டணம் இதற்கு மாற்றாகக் கருதப்பட்டாலும், அது மோசடியை ஒழிப்பதைவிட இடம் மாற்றுகிறது எனலாம். பொய்யாக ஒரு பொருளை வாங்குவது செலவு மிக்கது; ஆனால் படிவம் நிரப்புவதோ செயலியை நிறுவுவதோ மலிவானது. அதனினும் நுட்பமானது, தானாகவே நிகழவிருந்த விற்பனைக்குத் தரகு கோருவதாகும். விளம்பரத்தைப் பயனர் சொடுக்காமலேயே, சொடுக்கியதாகக் காட்டும் குக்கி எனும் சிறு அடையாளக் கோப்பை அவரது உலாவியில் மறைவாகப் பதித்துவிட்டால், பின்னாளில் அவர் வாங்கும் பொருளுக்கான தரகு மோசடியாளரைச் சேரும். ஈபேயிடம் மிகுதியான தரகு பெற்றுவந்த இருவர் இம்முறைக்காகவே 2014இல் சிறைத்தண்டனை பெற்றனர்.

செயற்கட்டணத்தில் தளம் நடத்துபவரும் ஏமாற்றப்படலாம். சொடுக்கை விளம்பர நிறுவனமே எண்ணுகிறது; விற்பனையோ பெரும்பாலும் விளம்பரதாரரின் கணக்கிலிருந்தே தெரியவருவதால், அவர் சிலவற்றை மறைத்தால் தளத்துக்குரிய தரகு குறையும். பொருள் திருப்பி அனுப்பப்பட்டதாகக் கூறித் தரகை ரத்துசெய்வதும் இவ்வகையினதே. அது உண்மைதானா என்று சரிபார்க்கத் தளத்துக்குப் பெரும்பாலும் வழியில்லை.