கார் கம்பெனி செய்த லாரி

கிளாஸ்கோவில் ஒரு பழைய புத்தகக் கடை வாசலில், செருப்புப் பெட்டி நிறைய அஞ்சலட்டைகள் கிடந்தன. அவற்றிலிருந்து எடுத்த படம் இது. கூரையில்லாத பெரிய வண்டி. வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், பெஞ்சுக்கு ஐந்தாறு பேர், எல்லார் தலையிலும் தொப்பி. இவ்வகை வண்டிக்கு ‘ஷராபாங்’ என்று பெயர். பெஞ்சு போட்ட வண்டி என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அப்படித் தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ கூட்டம் கூட்டமாகப் போய்வர உதவியது. அட்டையின் பின்னால் பென்சிலில் ‘1924’. ஊர், பேர் எதுவும் இல்லை.

யார் செய்த வண்டி என்பதில் குழப்பமில்லை. ரேடியேட்டரின் தலையில் ‘ஆல்பியன்’ என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. ஸ்காட்லாந்தின் பேர்போன லாரி நிறுவனம். ‘சூரிய உதயம் போல் நிச்சயம்’ என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். எனக்கு வேண்டியது ஆண்டு மட்டுமே. பழைய படங்களுக்குத் தேதி குறிக்கும் எங்கள் தொழிலில், பென்சிலில் எழுதியதை அப்படியே நம்புவது பாவம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது பின்சக்கரத்தின் அருகே ஒரு செயின் தெரிந்தது. சைக்கிளில் இருப்பது போலத்தான், ஆனால் கை மணிக்கட்டுப் பருமன். எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக ஒரு குறுக்குத் தண்டுக்கு வரும். அதன் இரு முனைப் பற்சக்கரங்களிலிருந்து இரண்டு செயின்கள் பின்சக்கரங்களை இழுக்கும். டயரும் காற்றடித்ததல்ல, கெட்டி ரப்பர். இது லாரிச் சேஸிஸ். ஆனால் 1923-லேயே ஆல்பியன் பஸ்ஸுக்கென்றே தனிச் சேஸிஸ் அறிவித்துவிட்டது. பிறகு 1924-ல் ஏன் செயின் வண்டி?

பென்சில்காரர் தவறியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். 1914-ல் வெஸ்ட் பிராம்விச் நகருக்கு லாரிச் சேஸிஸ் மீது கட்டிய இரண்டு ஆல்பியன் பஸ்கள் போயிருக்கின்றன. அந்தக் காலத்து வண்டிதான் இதுவும் என்று கொண்டு, குறிப்பட்டையில் ‘ஏறத்தாழ 1914’ என்று எழுதி வைத்தேன். பல மாதம் அந்தத் தப்பு அங்கேயே நிம்மதியாக இருந்தது.

அதை உடைத்தவர் உடைகளின் வரலாற்றைப் படிக்கும் நண்பர் ஒருவர். வண்டியை அவர் பார்க்கவே இல்லை. மூன்றாம் வரிசைப் பெண்களைப் பார்த்தார். மணியைக் கவிழ்த்தது போல் காதுவரை இறங்கிய தொப்பிகள். “இது 1920-களுக்கு முந்தி வராதுங்க” என்றார். ஆக, ஆட்கள் புதியவர்கள், வண்டி பழையது. இரண்டும் உண்மையாக இருக்க என்ன வழி?

வழி போர்க்கால உற்பத்திக் கணக்கில் இருந்தது. முதல் உலகப் போரில் ஆல்பியன் பிரிட்டிஷ் போர் அலுவலகத்துக்குச் சுமார் 6,000 லாரிகள் செய்து கொடுத்தது. ஏ10 என்ற ரகம், 3 டன் பாரம், 32 குதிரைத்திறன், செயின் இழுவை. போர் முடிந்ததும் அவற்றில் பல ஷராபாங்குகளாக மாற்றப்பட்டன. குண்டு சுமந்த சேஸிஸின் மேல் பெஞ்சு ஏறியது, அவ்வளவுதான். படத்திலிருந்த வண்டியின் எண்பலகையில் இருந்த ‘ஜி’ கிளாஸ்கோவைக் குறிக்கும் எழுத்து. முதலில் அது எனக்குப் பெரிய தடயமாகத் தோன்றியது. ஆனால் பட்டாளத்தில் ஓடிய லாரிக்கு இருந்தது பட்டாளத்து எண். ஊர் எண் கிடைப்பது விற்பனைக்குப் பிறகுதான். ஆகவே அந்த ‘ஜி’ பிறந்த ஊரையும் சொல்லாது, பிறந்த ஆண்டையும் சொல்லாது. பதிவான ஊரை மட்டுமே சொல்லும். பென்சில்காரரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குறிப்பட்டையைத் திருத்தும்போது இன்னொன்று இடறியது. 1920-களில் இந்த நிறுவனத்தின் முழுப் பெயர் ‘ஆல்பியன் மோட்டார் கார் கம்பெனி’. லாரிக்காரர்களுக்கு எதற்குக் ‘கார்’?

இதற்குத் தொடக்கத்துக்குப் போக வேண்டும். 1899-ல் தாமஸ் பிளாக்வுட் மரே, நார்மன் ஆஸ்போர்ன் ஃபுல்டன் என்ற இருவர் கிளாஸ்கோவின் ஃபின்னீஸ்டன் தெருவில், ஒரு கட்டடத்தின் மாடியில் ஏழு பேரோடு தொழில் தொடங்கினார்கள். மூலதனத்துக்காக மரேயின் தகப்பனார் பிகர் என்ற சிற்றூர் அருகே தமக்கிருந்த ஹெவிசைடு நிலத்தை 1,300 பவுண்டுக்கு அடமானம் வைத்தார். ஆல்பியன் பிகரில் பிறந்தது என்று சிலர் எழுதுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பணம் பிகரினுடையது, பட்டறை கிளாஸ்கோவினுடையது. (நிறுவனத்தின் ஆவணங்கள் இன்று பிகரில்தான் இருக்கின்றன; நிலம் கடனை வசூலித்துக்கொண்டது போல.) முதலில் செய்தது காரேதான்: வார்னிஷ் பூசிய மர உடல், 8 குதிரைத்திறன், பார்வைக்குக் குதிரை கழன்ற வண்டி. 1903-ல் ஸ்காட்ஸ்டனுக்குப் பட்டறை மாறியது.

கார் எப்போது நின்றது? ஓரிடத்தில் 1913, வேறோரிடத்தில் 1915. எது சரி என்று கொஞ்ச நாள் அலைந்தேன். இரண்டும் சரி. நிறுத்தப்போவதாக அறிவித்தது 1913, கடைசிக் கார் வெளியேறியது 1915. பெயரிலிருந்து ‘கார்’ உதிர்ந்து ‘ஆல்பியன் மோட்டார்ஸ்’ ஆனதோ 1930-ல். மரே அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். 1951-ல் லேலண்ட் வாங்கியது. 1972-ல் ஆல்பியன் என்ற பெயரும் போயிற்று. அந்தப் பட்டறையின் ‘வைக்கிங்’ என்ற பஸ் பெயர் நம் ஊர் வாசகருக்கு அசோக் லேலண்ட் வழியாகப் பழக்கமாக இருக்கும். அது வேறு கதை.

இப்போது என் குறிப்பட்டையில் இரண்டு தேதிகள் உள்ளன. சேஸிஸ்: போர்க்காலம். படம்: 1924. தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் ‘ஆல்பியன் மோட்டார் கார் கம்பெனி’ என்று எழுதிவிட்டு, ‘கார்’ மேல் பேனாவைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை.