மல்லிகை: ஒரு சலூனில் தொடங்கிய வாசகர் குடும்பம்

 கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை நூலக அலுமாரியைத் துப்புரவு செய்தோம். அடித்தட்டில் பழைய 'மல்லிகை' நாலைந்து கிடந்தன. தரம் 10 பிள்ளை ஒருவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "சேர், இது பூ வளர்க்கிற புத்தகமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டின் தமிழ் வாசகர்களை 46 வருடம் ஒன்று சேர்த்த சஞ்சிகை அது. நம் பிள்ளைகளுக்குப் பெயரே தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மல்லிகையைத் தொடங்கியவர் டொமினிக் ஜீவா. 1927 இல் யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோனது. சாதியின் பெயரால் பட்ட அவமானங்களைத் தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனில் வேலை செய்துகொண்டே வாசித்தார், சிறுகதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

1966 ஆகஸ்டில் மல்லிகையின் முதல் இதழ் வந்தது. ஆசிரியரும் அவர்தான், விற்பனையாளரும் அவர்தான். பையில் இதழ்களைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாண வீதிகளில் நடந்து விற்றார். முடிவெட்ட வந்தவர்களும் எழுத்தாளர்களும் மாணவர்களும் அந்தச் சலூனில் ஒன்றாக இருந்து கதைத்தார்கள். அட்டையில் சினிமா நடிகர் படம் இல்லை, நம் நாட்டு எழுத்தாளர், கலைஞர் படம்தான். வாசகர் கேள்விகளுக்கு ஜீவா பதில் சொல்லும் பகுதியும் இருந்தது. தூர ஊரில் தனியாக இருந்து வாசித்தவருக்கும், தன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது அப்படித்தான்.

அது யாழ்ப்பாணத்து இதழாக மட்டும் நிற்கவில்லை. தெற்கிலிருந்து திக்குவல்லை கமால் எழுதினார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மேமன் சமூகத்திலிருந்து வந்த மேமன்கவி, மல்லிகையோடு மிக நெருக்கமாக இருந்தார். மலையக எழுத்தாளர்களும் அதில் எழுதினார்கள். சிங்களப் படைப்புகள் தமிழாகி வந்தன. வெளியே இனங்கள் பிரிந்து நின்ற காலத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தார்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. பிறகு போர் வந்தது. அச்சுத்தாளுக்குத் தடை, பத்திரிகைகள் கொப்பித்தாளில் அச்சான காலம். மல்லிகை இடையிடையே தடைப்பட்டாலும் திரும்ப வந்தது. 90களில் ஜீவா கொழும்புக்கு இடம்பெயர்ந்தார், இதழும் கூடவே வந்தது. மாதம் ஒன்று என்றால் 46 வருடத்தில் 550 இதழ் வந்திருக்க வேண்டும். வந்தது 400 சொச்சம். அந்தக் குறைவே அவர் பட்ட பாட்டைச் சொல்கிறது.

2012 இறுதியோடு மல்லிகை நின்றது. யாரும் தடை செய்யவில்லை. ஜீவாவுக்கு 85 வயது. அவர் தூக்கிய பையைத் தூக்க இன்னொருவர் வரவில்லை. 2021 ஜனவரியில் அவரும் காலமானார். தீயும் போரும் நிறுத்தாததை முதுமை நிறுத்தியது.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. கண்டியில் பிறந்த சித்தி லெப்பை 1882 இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்து வருடம்கூட நிலைக்கவில்லை. தோட்ட வைத்தியராக இருந்த தி. ஞானசேகரன் 2000 ஜூனில் கண்டியிலிருந்து தொடங்கிய 'ஞானம்' 20 வருடத்தையும் தாண்டியது. தொடங்குவதற்கு நம் பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தொடர்ந்து காசு கொடுத்து வாங்குகிறவர்களும், வாசித்துவிட்டு இரண்டு வரி எழுதிப் போடுகிறவர்களும்தான் எப்போதும் குறைவு.

மல்லிகை இதழ்களை 'நூலகம்' இணைய நூலகத்தில் இன்று இலவசமாக வாசிக்கலாம். பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சலூனில் கதைத்துக்கொண்டிருந்த கூட்டத்தை ஸ்கேன் பண்ண முடியாது. அதை நாம்தான் கூட்ட வேண்டும்.

எங்கள் நூலகத்தின் இரவல் பதிவேட்டில் போன தவணை ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. குற்றம் பிள்ளைகளில் மட்டும் இல்லை. நாம் வாசிப்பதை அவர்கள் காண்பதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பேர் கூடுவோம். தோட்டத்துப் பிள்ளைகளும் கடைவீதிப் பிள்ளைகளும் ஒன்றாக வரட்டும். ஆளுக்கு ஒரு புத்தகம், ஐந்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். பிளேன்டீ என் பொறுப்பு. என்னால் முடியாத நாளில் நடத்த இரண்டு பேரை முதல் நாளே தெரிவு செய்துவிடுவோம். மல்லிகையிடம் நான் படித்த பாடம் அது.

வர விரும்புபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். வீட்டில் பழைய மல்லிகை இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். என்னிடம் தாருங்கள்.