சட்டமும் கூட்டமும்: காஞ்சிபுரமும் குடிநோயிலிருந்து மீளும் வழியும்

காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்ட பழைய நூல்களுள் குடிகாரன் ஒருவனை நடுவில் நிறுத்துவது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் அங்கத நாடகமாகும். மது மயக்கத்தில் நகரத் தெருக்களில் தள்ளாடும் சத்தியசோமன் என்ற காபாலிகன், தான் பிச்சையேற்கும் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி ஒருவர்மீது திருட்டுப் பழி சுமத்துகிறான். நாய் கவர்ந்து சென்ற அவ்வோடு இறுதியில் ஒரு பித்தனிடமிருந்து கிடைக்கிறது. சமயவாதிகளின் போலித்தனத்தை எள்ளுவதே மன்னனின் நோக்கமாதலால், குடியிலிருந்து அம்மனிதன் மீள்வதற்கு வழியுண்டா என்ற கேள்வி அங்கே எழவில்லை. அக்கேள்விக்குத் தமிழ்ச் சமூகம் முதலில் சட்டத்தின் வாயிலாகவும், வெகுகாலம் கழித்தே குடித்தவர்களின் கூட்டத்தின் வாயிலாகவும் விடை தேடியது.

சட்டத்தின் வழியை வகுத்தவர் இராஜாஜி. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925 இல் காந்தி ஆசிரமம் நிறுவிய அவர், மதுவிலக்குப் பரப்புரைக்காக 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். மாகாண ஆட்சிப் பொறுப்பேற்றதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரியை விதித்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல், மதுவிலக்கு மாகாணம் முழுவதையும் தழுவியது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1967 இல் முதலமைச்சரான பின்னரும், கருவூலத்தின் தேவையைக் காரணம் காட்டி அதைத் தளர்த்த உடன்படவில்லை. 1971 இல் நீக்கப்பட்டு, 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்ட மதுவிலக்கின் இடத்தில், 1983 இல் மொத்த விற்பனைக்கென அரசின் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இவ்வாறு கடை திறந்தும் மூடியும் வந்த காலமெல்லாம், குடியை விட விரும்பியும் விட இயலாதவரை நோக்கிச் சட்டம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

இந்த இடைவெளியின் பாரத்தை நெசவுக் குடும்பங்கள் கூடுதலாகவே சுமந்தன. காஞ்சிபுரத்துப் பட்டில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை முறைக்குத் தறியில் நெய்பவரோடு துணைக்கு இன்னொருவரும் வேண்டியிருந்ததால், ஒருவர் குடித்து வேலைக்கு வராத நாளில் மற்றவரின் கூலியும் நின்றது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைக் கூலியில் கழிக்கும் வழக்கம் இருந்த வீடுகளில், நின்ற தறி கடனை வளர்த்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது தோன்றும் கைநடுக்கம், தூக்கமின்மை முதலியவற்றை மருத்துவர்கள் விலகல் அறிகுறிகள் என்பர். மெல்லிய பட்டிழையோடு பழகவேண்டிய கைக்கு நடுக்கமே வேலையைப் பறித்துவிடும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் நேர்ந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதால், மன உறுதி மட்டும் போதும் என்ற அறிவுரை தீங்கிழைக்கக் கூடியதாகும். முதலில் தேவைப்படுவது மருத்துவம்.

மருத்துவத்திற்குப் பின்வரும் நீண்ட காலத்திற்கான துணை, 1935 இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இரு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து பிறந்தது. அவர்கள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை 1957 இல் இந்தியாவில் வேரூன்றியது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அதில் சேர்வதற்கான தகுதி, கட்டணம் கிடையாது, வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை, கூட்டத்தில் கண்டவரையும் கேட்டதையும் வெளியில் சொல்லாமை அதன் அடிப்படைப் பண்பு. எவரும் வந்து கேட்கக்கூடியது திறந்த கூட்டம். குடியை விட விரும்புவோருக்கு மட்டும் உரியது மூடிய கூட்டம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென 1951 இல் அல்-அனான் என்ற தனித் தோழமையும் உருவாயிற்று.

தமிழகத்தில் மருத்துவத்தையும் இத்தோழமையின் அணுகுமுறையையும் இணைத்த முன்னோடி சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980 இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார், அதன் டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கும் முறை வளர்ந்தது. நகரத்திற்கு வர இயலாதோருக்காக மஞ்சக்குடி போன்ற ஊர்களில் அறக்கட்டளை நடத்திய முகாம்கள், சிகிச்சையைக் கிராமத்திற்கே கொண்டு சென்றன.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவே ஆயினும், தறியை நிறுத்தினால் கூலியில்லை என்ற நிலையில் உள்ளவருக்கு வாரந்தோறும் ஒரு கூட்டத்திற்காகச் செல்லும் பயணம் எளிதன்று. ஒரே தெருவில் உறவினரும் தொழில் கூட்டாளிகளும் அடுத்தடுத்து வாழும் ஊரில், பெயர் வெளிப்படுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ சிகிச்சை முடித்துச் சென்றவர்களிடமோ மறைவின்றிக் கேட்டறியவும், சென்ற பின் மறைவு காக்கப்படவும் வேண்டியுள்ளது. தனித்தனியே கடன்பட்ட நெசவாளர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தொழிலைக் காத்துக்கொண்ட மரபு இந்நகருக்கு உண்டு. குடிநோயிலிருந்து மீள்வோரின் கூட்டமும் அம்மரபுக்கு அயலானதன்று. அவர்கள் வாரம் ஒருமுறை கூடுவதற்கு ஓர் அறையைத் தருவது, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் இயலக்கூடிய கடமையாகும்.