'காப்பி' கேம் எது, சொந்த கேம் எது? பரமபதம் முதல் 'வெண்பா' வரை... சட்டம் சொல்வது என்ன?

ஒரு மொபைல் கேம் ஹிட்டானா போதும், அதே மாதிரி பத்து கேம் ப்ளே ஸ்டோர்ல வந்து நிக்குது. இது திருட்டு இல்லையா? மதுரையில் படிப்பை முடிச்சுட்டு, கேம் டெவலப்பர் ஆகணும்னு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவருக்கு இது பிழைப்புப் பிரச்னை.

விதிக்கு சொந்தக்காரர் உண்டா?

இல்லை. 1970-ம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு, 'விளையாடும் முறை'யைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. காப்பிரைட் சட்டமும் ஐடியாவைக் காப்பாற்றாது. படம், இசை, கதை, கோடிங் என அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் பாதுகாப்பு.

ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்குங்க. 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை அடைக்கும். இதை வைத்து நீங்களும் ஆப் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரரும் செய்யலாம். ஆனா, நீங்க வரைஞ்ச புலியை அவர் எடுக்கக் கூடாது.

இதில் அடிபடுவது சின்ன டெவலப்பர்கள்தான். 2014 பிப்ரவரியில் வந்த 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டை உருவாக்க 14 மாதங்கள் ஆனது. அடுத்த மாதமே, அதே பாணியில், ஒரு வார இறுதியில் செய்யப்பட்ட '2048' இலவசமாக வந்தது. இன்று நம்மில் பலருக்குத் தெரிந்தது '2048' மட்டும்தான்!

அப்படியே உரித்து எடுத்தால் மட்டும் கோர்ட் தலையிடும். 2012-ல் 'டெட்ரிஸ்' கட்டைகளின் தோற்றத்தையும் பலகை அளவையும் அப்படியே எடுத்த ஒரு கேம், அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது.

விதி ஒன்று, அர்த்தம் வேறு

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்க நம்ம வீடுகளில் பரமபதம் ஆடுவாங்க. ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் பரமபதம். இந்தக் குடும்பத்து ஆட்டம் 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து போய், போகப்போக சாமியும் பாவ புண்ணியமும் உதிர்ந்து, வெறும் குழந்தைகள் விளையாட்டாச்சு. பச்சீசிக்கும் அதே கதைதான். 1896-ல் அங்கே 'லூடோ'வாக பேட்டன்ட் வாங்கி, 2016-ல் இந்திய நிறுவனத்தின் 'லூடோ கிங்'காக நம்ம போனுக்கே திரும்பி வந்தது. (கீழடியில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. நமக்கு இது இன்று நேற்றுப் பழக்கமா என்ன!)

கொல்கத்தாவைச் சேர்ந்த கேம் ஆய்வாளர் சௌவிக் முகர்ஜி, இந்தியப் பலகை ஆட்டங்களையும் வீடியோ கேம்களையும் சேர்த்தே ஆராய்கிறவர். பேரரசு கட்டும் கேம்களில் காலனியப் பார்வை எப்படி ஒளிந்திருக்கிறது, ஆளப்பட்ட நாட்டுக்காரர்கள் அதை எப்படித் திருப்பி ஆடுகிறார்கள் என்று 2017-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் கேள்வியை நம்ம விஷயத்துக்குக் கொண்டு வந்தால், விதி புதுசா என்பதைவிட, அதை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். வெளிநாட்டு துப்பாக்கி கேமுக்கு வேட்டி கட்டிவிட்டால் அது மதுரை கேம் ஆகிடாது.

'வெண்பா' என்ன செய்தது?

கனடாவின் டொரான்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட கேம் இது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகத்தில் பல இடம் அழிந்துபோயிருக்கு. எதை முதலில் போடணும், எதை அப்புறம்னு நாமே யூகித்து இட்லி அவிக்கணும். விடுபட்டதை நிரப்பும் புதிர் எல்லாம் ரொம்பப் பழசு. ஆனா இங்கே விடுபட்டிருப்பது அம்மாவின் கைப்பக்குவம். மகனோ தமிழிலிருந்து விலகிக்கொண்டே போகிறான். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குத்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

காப்பிரைட், படைத்த உடனே தானாக வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை, தகராறு வந்தால் ஆதாரமாக உதவும். ஸ்கெட்ச், கோடிங்கின் பழைய வெர்ஷன்களைத் தேதியோடு வைத்திருங்க. பெயருக்கு ட்ரேட்மார்க் வாங்க சென்னைக்கு அலைய வேண்டாம், மதுரையில் இருந்தே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 'தாயம்', 'பரமபதம்' என்று மட்டும் பெயர் வைத்தால் கிடைப்பது கஷ்டம். அது ஆட்டத்தின் பொதுப்பெயர்.