மூன்றாவது துடுப்பு



சிட்னியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அலைச்சறுக்குப் பழகுகிறார். சொந்தமாகப் பலகை வாங்கக் கடைக்குப் போனவர் அங்கிருந்தே படம் அனுப்பிக் கேட்டார்: "சார், நீளம், குட்டை, கூர்வால், அகலவால் என்று எத்தனையோ இருக்கிறது. எல்லா அலைக்கும் ஒத்துவரும் ஒரே பலகை உண்டா? பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று துடுப்பு இருக்கிறதே, ஏன்?"

கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். பொறுமையாகப் படியுங்கள்.

இந்த விளையாட்டு செழித்து வளர்ந்த ஹவாய்த் தீவுகளில் ஆதியிலேயே ஒரே பலகை கிடையாது. 'ஓலோ' என்பது தலைவர்களின் பலகை. 16 அடி நீளம், 60 கிலோவுக்கு மேல் எடை என்ற அளவில் சில இன்றும் ஹொனலூலு பிஷப் அருங்காட்சியகத்தில் உள்ளன. விலிவிலி என்ற லேசான மரத்தில் அதைச் செய்தார்கள். நம் கல்யாண முருங்கையின் இனம்தான் அது. உடையாமல் உருண்டு வரும் அலைக்கு ஓலோ. கரையருகே செங்குத்தாக எழுந்து உடையும் அலைக்கு 'அலையா' என்ற மெல்லிய, குட்டையான பலகை. பெயரைப் பார்த்துத் தமிழ் என்று கிளம்பிவிடாதீர்கள், அது ஹவாய்ச் சொல்தான்!

1937இல் ஹொனலூலுவில் ஜான் கெல்லியும் நண்பர்களும் பெரிய அலைகளில் திணறினார்கள். அகலமான வால் அலையின் சரிவில் பிடிப்பில்லாமல் பக்கவாட்டில் வழுக்கியது. கோடரியை எடுத்து வாலைச் செதுக்கிக் குறுக்கினார்கள். குறுகிய வால் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கிப் பிடித்துக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே டாம் பிளேக் என்பவர் பலகையின் அடியில் ஒரு துடுப்பைப் பொருத்திப் பார்த்திருந்தார். மீனுக்கு இருப்பது போன்ற துடுப்புதான். படகு வலிக்கும் துடுப்பு அல்ல.

இங்கேதான் சிக்கல். குறுகிய வால் பெரிய அலையில் பிடிக்கும். சிறிய, வலுவில்லாத அலையில் அமிழ்ந்து வேகம் குறையும். அகல வால் சிறிய அலையில் மிதந்து ஓடும். பெரிய அலையில் வழுக்கும். ஒன்றைப் பெற்றால் மற்றது போய்விடும்.

1970களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் அகல வாலும் இரட்டைத் துடுப்பும் கொண்ட பலகையில் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 4 முறை உலகச் சாம்பியன் ஆனார். எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். சிட்னியின் நாரபீன் கடற்கரையைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சனுக்கு அது கைகொடுக்கவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு. அவர் அழுத்தித் திருப்பினால் இரட்டைத் துடுப்புப் பலகை நழுவும். பழைய ஒற்றைத் துடுப்புப் பலகையோ சிறிய அலையில் மந்தம். போட்டியில் பின்தங்க ஆரம்பித்தார்.

ஆனால் அவர் பலகை செதுக்கும் தொழிலாளியும்கூட. 1980 அக்டோபரில் வேறொருவரின் இரட்டைத் துடுப்புப் பலகையில், பின்னால் சின்னதாக ஒரு அரைவட்டத் துடுப்பு இருப்பதைப் பார்த்தார். அதைப் பெரிதாக்கி, மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் வருமாறு தனக்கொரு பலகை செய்துகொண்டார். ஓரத்தில் இருக்கும் இரண்டும் வேகத்தையும் திருப்பத்தையும் தரும். பின்னால் இருப்பது வழுக்காமல் பிடிக்கும். வாலைக் குறுக்காமலே பிடிப்பு கிடைத்துவிட்டது. 'த்ரஸ்டர்' என்று பெயரிட்டார்.

1981 ஈஸ்டர் சமயம், பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் மலை மலையாக அலை வந்தது. ஆண்டர்சன் அந்தப் பலகையில் வென்றார். அதே ஆண்டு இறுதியில் ஹவாயின் பைப்லைனிலும் வென்றார். பெல்ஸ் நீண்ட சரிவாக ஓடும் அலை. பைப்லைன் ஆழமில்லாத பாறைத்திட்டின் மேல் குழாயாகச் சுருண்டு விழும் அலை. இரண்டிலும் மூன்று துடுப்பு நின்றது. சில ஆண்டுகளில் உலகமே அதற்கு மாறியது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் செய்தாலும் அவருக்கு ஒரு காசு போகாது.

ஆகவே தம்பி, முதல் பலகை நீளமாக, அகலமாக, கனமாக இருக்கட்டும். எழுந்து நிற்கப் பழகு. பிறகு பல வகை அலைக்கும் ஒன்றுதான் வேண்டுமென்றால், நடுத்தர நீளம், அதிகம் கூராத வால், மூன்று துடுப்பு. மிகப் பெரிய அலைக்கும் மிகச் சின்ன அலைக்கும் தனிப் பலகைகள் இன்றும் உண்டு. அந்த ஹவாய்க்காரர்கள் சொன்னது பொய்யாகவில்லை. உன் எடையைக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொல். சாம்பியனின் பலகை அவர் உடம்புக்குச் செய்தது. ஆண்டர்சன் தன் உடம்பை நொந்துகொண்டு உட்காரவில்லை, பலகையை மாற்றினார்.

வாங்கியதும் படம் அனுப்பு. நீச்சலை மறந்துவிடாதே.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்